தாயில்பட்டிக்குத் திரும்பிப் போன தோல்வார்

இந்த மாசி மாதம் இரண்டு நாள் விடுப்புப் போட்டுவிட்டு, திருச்சியிலிருந்து விருதுநகர், சிவகாசி வழியாகத் தாயில்பட்டி வரை போய்வந்தேன். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. என்னிடம் இருந்த ஒரு பொருளை அதற்குரிய வீட்டில் சேர்க்கப் போனேன். சேர்த்தாயா என்று கேட்டால் பாதிப் பதில்தான் சொல்ல முடியும்.

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வருபவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. நான் மடக்குக் கத்தியால் முகச்சவரம் செய்பவன், அந்தக் கத்தியைத் தீட்டும் பழைய தோல்வார்களைச் சேகரிப்பவன். கல்லில் தேய்த்தால் கத்திக்குக் கூர் வரும். ஆனால் அந்தக் கூரின் விளிம்பு கண்ணுக்குத் தெரியாமல் அங்கங்கே மடங்கிக் கிடக்கும். தோல்வாரில் முன்னும் பின்னும் இழுத்தால்தான் நேராகும். வாரின் மேல்முனையில் இருக்கும் வளையத்தைச் சுவரில் ஆணியில் மாட்டி, கீழ்முனையை இடது கையால் பிடித்து, கட்டைவிரலை மேலே வைத்து அழுத்தி, வாரை விறைப்பாக இழுத்துக்கொள்ள வேண்டும். வார் தொய்ந்துவிட்டால் கூர் மழுங்கிவிடும். அப்புறம் கத்தி முடியை வெட்டாது, பிடித்து இழுக்கும். கன்னம் நெருப்பாகிவிடும்.

எங்கள் வீட்டில் இப்படி நாற்பது வார் தொங்குகிறது. வாசலுக்கு வரும் மாடு உள்ளே எட்டிப் பார்த்தால் பயந்து ஓடிவிடும் என்பாள் என் மனைவி. அவள் சொல்வதில் தப்பில்லை.

போன வருடம் விருதுநகர் பஜாரில் பழைய சாமான் கடை ஒன்றில் 350 ரூபாய்க்கு ஒரு வார் வாங்கினேன். எருமைத்தோல். நடுவில் நன்றாகத் தேய்ந்து, கண்ணாடி மாதிரி வழவழப்பு. மேல்வளையத்தில் பச்சை வயர் சுற்றியிருந்தது. கீழ்முனையில், கைபிடிக்கும் இடத்தில், சாம்பலும் வெள்ளியும் கலந்த நிறத்தில் ஒரு கட்டைவிரல் தடம். ரேகை கூடத் தெரிந்தது. ஈரத்துணியால் துடைத்தேன், போகவில்லை. தோலுக்குள்ளேயே இறங்கியிருந்தது. படம் எடுத்து இங்கே போட்டு, "சில்வர் பெயிண்ட் மாதிரி இருக்கிறது, எப்படி எடுப்பது?" என்று கேட்டிருந்தேன். ஞாபகம் இருக்கும். ஆளாளுக்கு யோசனை சொன்னீர்கள். மண்ணெண்ணெய், எலுமிச்சை, உப்புத்தாள். நான் உப்புத்தாள் வாங்கிவந்து மேசை மேல் வைத்திருந்தேன். அன்று ஆபீஸில் வேலை இழுத்துவிட்டதால் தேய்க்கவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் ஒரு பின்னூட்டம் வந்தது. "அண்ணே, தயவுசெய்து அதைத் தேய்க்காதீங்க. அது பெயிண்ட் இல்லை. என் வீட்டுக்காரர் கட்டைவிரல்."

எழுதியவர் செல்வராணி. தாயில்பட்டியில் இருக்கிறார், சிவகாசியில் காலண்டர் அச்சகம் ஒன்றில் பைண்டிங் வேலை. எண் வாங்கிப் பேசினேன். அவர் கணவர் காளிராஜ். வாரத்தில் ஆறு நாள் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் வேலை, ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் சலூனில் சவர வேலை. மருந்து கலக்குபவர்களுக்கு அலுமினியப் பவுடர் நகக்கண்ணிலும் ரேகையிலும் ஏறிவிடும், எந்த சோப்புக்கும் போகாது. அந்த விரலை ஞாயிறுதோறும் வாரின் ஒரே இடத்தில் அழுத்தி அழுத்தி விழுந்த தடம் அது. இரண்டு வருடத்துக்கு முன், ஒரு சித்திரை மாதக் காலையில், அவர் வேலை செய்த அறை வெடித்துவிட்டது.

"மொகத்தக்கூடக் காட்டல அண்ணே. மூடித்தான் குடுத்தாக. கையெழுத்துப் போடத் தெரிஞ்ச மனுசன், எங்கயும் கைநாட்டு வச்சதில்ல. அவுக ரேகைன்னு இருக்கது அது ஒண்ணுதான்" என்றார் செல்வராணி.

அப்படிப்பட்ட பொருள் எப்படிப் பஜாருக்குப் போனது என்று எனக்குக் கோபம்கூட வந்தது. அதற்கும் காரணம் இருந்தது. சாவு வீட்டில் கருமாதிக் காரியம் செய்ய வருபவருக்கு, இறந்தவர் புழங்கிய துணிமணி, பாத்திரம் கொடுப்பது வழக்கம். ஊருக்கெல்லாம் அந்தக் காரியத்தைச் செய்பவர் காளிராஜின் அப்பா சுப்பையாதான். சொந்த மகனுக்கு அவரே செய்ய முடியாது. வேறு ஊரிலிருந்து உறவுக்காரர் ஒருவர் வந்து செய்தார். தொழில் செய்த ஆள் போனால் அவருடைய அடைப்பத்தைக் கொடுப்பது அவர்கள் குடும்பத்து வழக்கம். அடைப்பம் என்றால் கத்தி, கல், வார் எல்லாம் வைக்கும் பை. சுப்பையாவே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். வாங்கியவர் வார் தனக்கு எதற்கென்று விற்றிருப்பார். எல்லாக் கடையிலும் இப்போது பிளேடுதானே. அவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. தடம் இருந்த விஷயம் செல்வராணிக்கு உறைத்தது எல்லாம் முடிந்த பிறகுதான். அப்போதிருந்து வேலை முடிந்து வந்து, தினமும் போனில் பழைய வார் படமாகத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

கூரியரில் அனுப்பிவிடுகிறேன் என்றேன்.

"வேண்டாம்ணே. கருமாதியில குடுத்தது வீட்டுக்குத் திரும்பப்படாதும்பாக மாமா. கூரியர்ல வந்தா வாசல்லயே திருப்பி அனுப்பிருவாக. நீங்க நேர்ல வந்தீகன்னா மொகத்துக்காகவாவது ஒரு வார்த்தை கேப்பாக."

இப்படித்தான் இந்தப் பயணம் முடிவானது.

திருச்சி ஜங்ஷனில் காலை ரயில். விருதுநகருக்கு மூன்று மணி நேரம், முன்பதிவில்லாத பெட்டியில் 80 ரூபாய். மதுரை தாண்டியதும் உட்கார இடம் கிடைக்கும். விருதுநகரில் இறங்கி எண்ணெய்ப் புரோட்டா சாப்பிடாமல் போகக் கூடாது என்று நானே இந்தப் பக்கத்தில் இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். நான்கு புரோட்டாவும் சால்னாவும் 100 ரூபாய். மொறுமொறுவென்று நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் இரண்டுக்கு மேல் இறங்கவில்லை. பையை மடியிலேயே வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். பழைய சாமான் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். உள்ளே போகவில்லை.

விருதுநகர் – சிவகாசி 27 கிலோமீட்டர், பேருந்தில் முக்கால் மணி நேரம், 25 ரூபாய். பேருந்து நிலையம் பக்கத்தில் அறை 900 ரூபாய். மின்விசிறி சத்தம் போடும், தண்ணீர் நன்றாக வரும். சிவகாசியில் மாசி என்பது ஒரு மாதிரி நடுவாந்திரக் காலம். காலண்டர் சீசன் முடிந்து அச்சகங்கள் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். பட்டாசுக்குத் தீபாவளி வேலை சூடுபிடிக்க ஆரம்பித்திருக்கும். வெயில் இப்போதே கண்ணைக் கூச வைத்தது.

மறுநாள் காலை ஆறரைக்கு ஆட்டோ. போய், காத்திருந்து, திரும்பிவர 700 ரூபாய் பேசினேன். ஓட்டுநர் கருப்பசாமி, முப்பது வயது இருக்கும்.

"தாயில்பட்டியில எந்தக் கம்பெனி சார்? ஆர்டர் குடுக்க வந்தீகளா?"

"கம்பெனி இல்லை. ஒருத்தர் வீட்டுக்கு."

"பையில லைட்டர், தீப்பெட்டி எதுவும் கெடக்கா? இந்த ரோட்டுல எவனாவது கேப்பான்."

"சவரக்கத்திதான் இருக்கு."

கண்ணாடியில் என்னை ஒருதரம் நன்றாகப் பார்த்துக்கொண்டார். அப்புறம் ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டைப் போட்டுவிட்டார்.

கம்பெனி வேன்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஜன்னலோரம் தலை சாய்த்துத் தூங்கும் பெண்கள், மடியில் தூக்குவாளி. இருபுறமும் கரிசல், சீமைக்கருவேலம், நடுநடுவே தள்ளித்தள்ளிக் கட்டிய சின்னச்சின்ன அறைகள். ஒன்று போனாலும் அடுத்தது தப்பிக்கட்டும் என்றுதான் அந்த இடைவெளி. ஒரு திருப்பத்தில் கருப்பசாமி பாட்டை நிறுத்தினார். வலப்பக்கம் சுற்றுச்சுவர் மட்டும் புதிதாக இருந்தது. உள்ளே ஒரு அறை இருக்க வேண்டிய இடத்தில் தரை மட்டும் தெரிந்தது. நூறு மீட்டர் தாண்டியதும் மறுபடி பாட்டைப் போட்டார்.

ஏழேகால் மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். வீடும் சலூனும் ஒட்டி ஒட்டி இருந்தன. செல்வராணி அரைநாள் லீவு சொல்லிவிட்டு வாசலில் நின்றிருந்தார். போனில் கேட்ட குரலை வைத்து வயதானவர் என்று நினைத்திருந்தேன். முப்பதுகூட இருக்காது. சலூனுக்குள் ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, சுவர் நிறைய காலண்டர். கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு ஆணி மட்டும் காலியாக இருந்தது. காலண்டர் மாட்ட அவ்வளவு இடநெருக்கடி உள்ள சுவரில் அந்த ஆணியில் எதுவும் மாட்டவில்லை.

சுப்பையா வெளியே வந்தார். நெஞ்சு வரை வெள்ளைத் தாடி. சவரக் கடைக்காரருக்குத் தாடியா என்று நான் பார்த்ததை அவர் கவனித்துவிட்டார்.

"எல்லாரும் இப்படித்தான் பாக்காக சார். ஞாயித்துக்கெழம கட தொறக்கு முன்ன அவன் எனக்குச் செய்வான், நான் அவனுக்குச் செய்வேன். கடைக்காரன் மொகந்தான் கடைக்கு போர்டும்பான். இப்ப போர்டு இல்லாமத்தான் கட ஓடுது. காப்பி குடிச்சீகளா?"

காப்பி வந்தது. குடித்து முடிக்கும்வரை அவர் என் பையைப் பார்க்கவே இல்லை. பிறகு அவரே சொன்னார்: "அது உள்ள வரப்படாது சார். கோவிச்சுக்கிடாதீக. நானே என் கையால எடுத்துக் குடுத்தது. குடுத்தது திரும்புனா, போனவன் போக மாட்டாம வாசல்ல நிப்பான்னு எங்க வகையறாவுல சொல்லுவாக."

"நின்னா நிக்கட்டும் மாமா" என்றார் செல்வராணி. "நான் வேண்டாம்னா சொல்றேன்?"

சுப்பையா தாடியைக் கோதிக்கொண்டு ரோட்டைப் பார்த்தார். எனக்கு அங்கிருந்து எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. வேறு என்ன செய்வதென்று தெரியாமல் வெளியே போய், ஆட்டோவின் பின்சீட்டில் ஒரு துண்டை விரித்து, வாரை எடுத்து வைத்தேன். கருப்பசாமி செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார். யாரும் அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

செல்வராணி வாரைத் தொடவில்லை. குனிந்து, தன் கட்டைவிரலை அந்தத் தடத்துக்கு மேலே, படாமல், நிழல் விழுகிற மாதிரி வைத்துப் பார்த்தார். "எம்புட்டுப் பெருசு" என்றார். அழுகை வந்துவிட்டது. எனக்கும்தான்.

சுப்பையா மெதுவாக வந்தார். தடத்தைப் பார்த்தாரா என்று சொல்ல முடியாது. வளையத்தில் சுற்றியிருந்த பச்சை வயரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்தபடியே, "வேலச் சாமான்னா கடைக்குள்ள வரலாம்" என்றார். "தெனமும் தீட்டணும். தீட்டுனா அது தொழில் சாமான். சும்மா தொங்கப் போட்டுப் பாத்துக்கிட்டு இருக்கதுன்னா, அது செத்தவன் பொருள்தான். வரப்படாது."

எனக்குள் இருந்த சேகரிப்பாளன் அங்கேயும் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. "தீட்டினால் அந்த இடத்தில்தானே ஐயா கை வைக்கணும்? தடம் தேய்ந்து போய்விடும். வேண்டுமானால் நானே கண்ணாடிப் பெட்டி போட்டு வைக்கிறேன். எப்போது வேண்டுமானாலும் நீங்கள் வந்து பார்க்கலாம்" என்றேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன்.

செல்வராணி என்னைப் பார்த்தார். "உங்க வீட்ல அம்புட்டு வார் இருக்குல்லண்ணே, போட்டோவுல பாத்தேன். அதுல ஒண்ணா இதுவும் தொங்குமா?"

நான் குனிந்து சீட்டில் விரித்த துண்டின் ஓரத்தை நேராக்கினேன்.

செல்வராணி மறுபடி வாரைப் பார்த்தார். ரேகை அழியாமல் திருச்சியில் இருப்பதா, அழிந்தாலும் தன் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பதா என்பதுதான் கேள்வி. அதை அவர் மட்டும்தான் முடிவு செய்ய முடியும். நாங்கள் மூன்று ஆண்களும் மரம் மாதிரி நின்றோம். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தேயட்டும் மாமா" என்றார். "இங்கனயே தேயட்டும்."

சுப்பையா வாரை எடுத்தார். நேராகக் கடைக்குள் போய்க் காலியாக இருந்த ஆணியில் வளையத்தை மாட்டினார். பார்க்காமலேயே மாட்டினார், கை அவ்வளவு பழக்கம். பிறகுதான் ஞாபகம் வந்தவர் போலத் திரும்பி, "கத்தி இல்லையே" என்றார். அடைப்பத்தோடு கத்தியும் போய்விட்டது. இப்போது கடையில் பிளேடு மாட்டும் கத்திதான். அதற்கு வார் தேவையில்லை. என் பையில் இருந்த மடக்குக் கத்தியை எடுத்துக் கொடுத்தேன். விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"உக்காருங்க சார்."

நாற்காலியில் உட்கார்ந்தேன். எதிரே கண்ணாடி, அதில் அவரும் வாரும். வாசற்படியில் செல்வராணி. சுப்பையா கையைக் கழுவித் துடைத்துவிட்டு வாரின் கீழ்முனையைப் பிடித்தார். அங்கேதான் நான் அதைப் பார்த்தேன். நாற்பது வருடம் தொழில் செய்த மனிதர், இந்தத் தொழிலுக்கே புதிதாக வந்தவர் போலப் பிடித்திருந்தார். நான்கு விரலும் வாருக்கு அடியில். கட்டைவிரல் மட்டும் வெளியே, ஓரமாக, தோலில் படாமல் நீட்டிக்கொண்டிருந்தது. தடத்தின் மேல் விரலை வைக்கவே இல்லை. அப்படிப் பிடித்தால் வார் விறைக்காது. தொய்ந்து ஊஞ்சல் மாதிரி ஆடியது. அதிலேயே கத்தியை முன்னும் பின்னும் இழுத்தார். சத்தத்திலேயே தெரிந்தது, கூர் மழுங்குகிறது. அவருக்கும் தெரிந்திருக்கும், எனக்கே தெரியும்போது.

கண்ணாடியில் செல்வராணியின் முகத்தைப் பார்த்தேன். அவரும் அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் தீட்ட வேண்டும் என்று சொன்னவரும் சுப்பையாதான், தடம் தேயாமல் பிடிப்பவரும் அவர்தான்.

சோப்பு நுரை போட்டுக் கத்தியை வைத்தார். இழுத்தது. வலது கன்னத்தில் ஒவ்வொரு முடியும் வேரோடு வருகிற மாதிரி இருந்தது. ஒன்பது வருடமாக மடக்குக் கத்தியால் சவரம் செய்கிறேன், இவ்வளவு வலி அனுபவித்ததில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது.

"எரியுதா சார்?"

"இல்லை ஐயா. நல்லா இருக்கு."

முடித்துவிட்டுப் படிகாரம் தடவினார். எழுபது ரூபாய் கேட்டார். "காசு குடுங்க சார். சும்மா செஞ்சா வேலையாகாது." கொடுத்தேன். கத்தியை அங்கேயே விட்டுவிட்டேன். உங்கள் முகத்துக்கும் நான் செய்துவிடட்டுமா என்று கேட்டேன், என்ன தைரியத்தில் கேட்டேன் என்று தெரியவில்லை. "வேண்டாம் சார்" என்று மட்டும் சொன்னார். நான் கிளம்பும்போது, வழக்கமாக அந்த நேரத்துக்கு வருபவர் போல, கம்பெனி சட்டை போட்ட ஒருவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். சுப்பையா பிளேடு கத்தியை எடுக்கப் போய், நின்று, என் கத்தியை எடுத்து வெந்நீரில் அலம்பி, மறுபடி ஆணிப் பக்கம் திரும்பினார். செல்வராணி வீட்டுக்குள் போய்விட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது. தீட்டுகிற சத்தம் அங்கே கேட்கும் என்று நினைக்கிறேன்.

திரும்பும் வழியில் அந்தத் திருப்பத்தில் கருப்பசாமி மறுபடி பாட்டை நிறுத்தினார். இந்தத் தடவை அதற்கப்புறம் போடவே இல்லை. சிவகாசியில் இறங்கும்போது என் கன்னத்தைப் பார்த்து, "தேங்காண்ணெய் தடவுங்க சார்" என்றார்.

ஊருக்கு வந்து என் சுவரைப் பார்த்தேன். நாற்பது வார். ஒவ்வொன்றிலும் கைபிடித்த இடம் கறுத்துத்தான் இருக்கிறது. இத்தனை நாள் அதை அழுக்கு என்று நினைத்து, வாங்கியதும் முதல் வேலையாகத் துடைத்து எண்ணெய் போட்டுப் பளபளவென்று ஆக்கியிருக்கிறேன். யார் யார் கையோ. இனிமேல் துடைக்க மாட்டேன். நீங்களும் பழைய வார் வாங்கினால் முதலில் கைபிடியைப் பாருங்கள். யாரிடமிருந்து வந்தது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பாதிப் பேர் சொல்ல மாட்டார்கள், இருந்தாலும் கேளுங்கள்.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: சித்திரை, வைகாசி வேண்டாம், வெயில் தாங்காது. சிவகாசியிலிருந்து காலை ஆறரைக்குள் கிளம்பிவிடுங்கள். ஆட்டோவுக்கு 700 ரூபாய்க்கு மேல் கொடுக்க வேண்டாம். நகரப் பேருந்தும் உண்டு, இறங்கிக் கொஞ்சம் நடக்க வேண்டும். லைட்டர், தீப்பெட்டி எடுத்துப் போகாதீர்கள். கம்பெனி வாசல்களில் படம் எடுக்காதீர்கள். செல்வராணியிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுதுங்கண்ணே, நாலு பேர் வந்தா மாமாவுக்கும் வேல இருக்கும்" என்றார். ஊரில் தாடிக்கார சலூன் என்றால் யாரும் காட்டுவார்கள். உங்கள் சொந்த மடக்குக் கத்தியைக் கொண்டுபோங்கள், அதையே தீட்டிச் செய்துவிடுவார். சவரம் எழுபது ரூபாய்.

கத்தி நன்றாக இழுக்கும். எரியுதா என்று கேட்பார். இல்லை என்று சொல்லுங்கள்.